டெலீட் டூலுக்கு ஒரு வரி டிஸ்கிரிப்ஷன் போதுமா?

கேள்வி: அக்கா வணக்கம். நான் பெங்களூரு மாரத்தஹள்ளி பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில டெக் ரைட்டரா இருக்கேன். டூவீலர் ஷோரூம்களுக்கு கஸ்டமர், வண்டி, சர்வீஸ், பில் எல்லாம் பார்த்துக்கற சாஃப்ட்வேர் எங்களுது. இப்போ அதுல ஏஐ ஏஜென்ட் சேர்க்கறாங்க. ஷோரூம் ஆளு சாட்ல டைப் பண்ணா ஏஜென்ட்டே டூல்ஸை (சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு வேலைக்கும் இருக்கற தனித்தனி கட்டளை) கூப்பிட்டு வேலையை முடிச்சிடும். எல்லா டூலுக்கும் டிஸ்கிரிப்ஷன் எழுதற வேலை எனக்கு. மத்தது ஓரளவு ஆயிடுச்சு, ரெக்கார்டு டெலீட் பண்ற டூல்ல மாட்டிக்கிட்டேன். டெவலப்பர் போட்டு வச்சிருக்கறது ஒரே வரி: 'ஐடி கொடுத்தால் அந்த ரெக்கார்டை டெலீட் செய்யும்'. மேனேஜர், மெஷின் தானே படிக்கப்போகுது இதுவே போதும்னு சொல்றாரு. சீனியர் ஒருத்தர், 'ஆபத்து, எச்சரிக்கை, யூசரைக் கேட்காமல் தொடாதே'ன்னு கேப்பிடல் லெட்டர்ல நாலு இடத்துல போடுங்கறாரு. யார் சொல்றது சரி? எரர் மெசேஜையும் நான் தான் எழுதணுமா, இல்ல அது டெவலப்பர் வேலையா? பேர் போட வேண்டாம் அக்கா.

பதில்: தம்பி, ரெண்டு பேர் சொல்றதும் வேண்டாம். ஒரு வரி பத்தாது, கூச்சல் உதவாது. எரர் மெசேஜ் உங்க வேலை தான், அதை யாருக்கும் விட்டுக் கொடுக்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல உங்க மேனேஜருக்கு ஒண்ணு புரியணும். மனுஷன் டாக்குமெண்ட்டை எப்பவோ ஒருநாள் சந்தேகம் வந்தா தான் திறப்பான், மத்த நேரம் பக்கத்து சீட்ல இருக்கறவரைக் கேட்டுக்குவான், மெனுவுல சிவப்பு பட்டனைப் பார்த்தா கை தானா நிக்கும். ஏஜென்ட்டுக்கு இதுல ஒண்ணுமே கிடையாது. டூலோட பேரு, டிஸ்கிரிப்ஷன், பாராமீட்டர் ஸ்கீமா (டூலுக்கு என்னென்ன விவரம் கொடுக்கணும்ங்கற பட்டியல்), இந்த மூணும் மத்த டூல்ஸோட சேர்ந்து அது முன்னாடி வந்து நிக்கும், யூசர் டைப் பண்ணின வாக்கியத்தை வச்சுக்கிட்டு அதுல இருந்து ஒண்ணைப் பொறுக்கணும், அவ்வளவு தான். 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், நாம எம்சிபின்னு சொல்றது, ஏஐ மாடலை வெளி டூல்ஸோட இணைக்கற பொது விதிமுறை, அதுலயும் இதே அமைப்பு தான், நீங்களே சொந்தமா கட்டினாலும் பெரும்பாலும் இப்படித் தான் வந்து நிக்கும். உங்க விக்கில இருக்கற பக்கம், டெவலப்பர் மண்டைக்குள்ள இருக்கற 'அது எல்லாருக்கும் தெரியுமே' சமாச்சாரம், போன வருஷம் நடந்த கலாட்டா, எதுவும் அதுக்குத் தெரியாது. அதனால மெஷின் படிக்கறதாலயே கம்மியா எழுதலாம்ங்கறது தலைகீழ் கணக்கு.

சரி, என்ன எழுதறது? எல்லாரும் 'இந்த டூல் என்ன பண்ணும்'னு ஆரம்பிப்பாங்க. டெலீட் டூலுக்கு அதை விட முக்கியமானது எப்போ இதைக் கூப்பிடக் கூடாதுங்கறது, கூடாதுன்னா பதிலா எதைக் கூப்பிடணும்ங்கறது. ஒரு நிஜ நிலைமையை வச்சுப் பார்ப்போம். கே.ஆர்.புரம் பக்கம் ஒரு ஷோரூம், கவுண்டர்ல இருக்கற பொண்ணு பாதி தமிழ் பாதி கன்னடம் நடுவுல இங்கிலீஷ்னு டைப் பண்ணுது, 'இந்த கஸ்டமர் சர்வீஸ் மெசேஜ் வருதுன்னு சண்டை போடறாரு, லிஸ்ட்ல இருந்து எடுத்துடு'. அந்தப் பொண்ணுக்கு வேண்டியது ரிமைண்டர் எஸ்எம்எஸ் நிக்கணும், அவ்வளவு தான். உங்க ஒரு வரி டிஸ்கிரிப்ஷனை வச்சுப் பார்த்தா ஏஜென்ட்டுக்கு கஸ்டமரை லிஸ்ட்ல இருந்து எடுக்கற டூல்னு கண்ணுல படறது டெலீட் மட்டும் தான், கூப்பிட்டுடும், அந்த ஆளோட வண்டி ஹிஸ்டரி, ஃப்ரீ சர்வீஸ் கணக்கு எல்லாம் சேர்ந்து போயிடும். அடுத்த மாசம் அவர் மூணாவது ஃப்ரீ சர்வீஸுக்கு வந்து நிப்பாரு, இவரு யாருன்னே சிஸ்டத்துல இருக்காது.

அப்போ டிஸ்கிரிப்ஷன்ல இப்படி வரணும்: மெசேஜ் நிறுத்தறதுக்கு ரிமைண்டர் ஆஃப் டூல், கஸ்டமர் இனிமே வரமாட்டாருன்னா இன்ஆக்டிவ் டூல், ஒரே ஆளுக்கு ரெண்டு என்ட்ரி இருந்தா மெர்ஜ் டூல். டெலீட் எதுக்குன்னா, தப்பா போட்ட என்ட்ரி, டெஸ்ட்டுக்குப் போட்ட என்ட்ரி, பின்னாடி எந்த வண்டியும் பில்லும் ஒட்டாத என்ட்ரி, இதுக்கு மட்டும். பக்கத்து டூல்ஸ் பேரை டிஸ்கிரிப்ஷன்லயே எழுதுங்க, 'வேறு பொருத்தமான டூலைப் பயன்படுத்தவும்'னு மொட்டையா எழுதினா அது ஒரு தகவலே இல்ல.

டூப்ளிகேட் விஷயத்துல இன்னும் கொஞ்சம் நிக்கணும், ஏன்னா ஷோரூம் ஆளுங்க ஏஜென்ட் கிட்ட அதிகமா கேக்கப் போறதே 'டூப்ளிகேட் எல்லாம் கிளீன் பண்ணு'ன்னு தான். நம்ம பேர் வைக்கற வழக்கத்தை யோசிச்சுப் பாருங்க. அல்சூர்ல ஒரு வீடு, தாத்தா எஸ். முருகன், அவரோட அப்பா சுப்பிரமணி. தாத்தாவோட பையன் செல்வம். செல்வம் தன் பையனுக்கு அப்பா பேரையே வச்சாரு, அவனும் எஸ். முருகன். தாத்தா பேர்ல ஒரு பழைய ஸ்கூட்டர், பேரன் பேர்ல ஒரு புது பைக், ரெண்டுக்கும் காசு கட்டினது செல்வம், அதனால ரெண்டு என்ட்ரியிலயும் செல்வத்தோட மொபைல் நம்பர், ஒரே அட்ரஸ். இதுல ஒண்ணு 'எஸ். முருகன்'னும் இன்னொண்ணு 'முருகன் எஸ்'னும் டைப் ஆயிருந்தா சத்தியமா எந்த மனுஷனும் டூப்ளிகேட்னு தான் சொல்லுவான், ஏஜென்ட் சொல்லாம இருக்குமா. இங்க 'கவனமா இரு'ன்னு எழுதி ஒரு புண்ணியமும் இல்ல. பேரும் நம்பரும் அட்ரஸும் ஒத்துப்போகுதுங்கறதை மட்டும் வச்சு டூப்ளிகேட்னு முடிவு பண்ணாதே, பிறந்த தேதியும் வண்டியோட சேசிஸ் நம்பரும் பாரு, வேற வேற வண்டி ஒட்டியிருந்தா டெலீட் பண்ணாம ரெண்டு என்ட்ரியையும் யூசருக்குக் காட்டி கேளுன்னு எழுதுங்க. எதைப் பார்க்கணும், பார்த்தா என்ன பண்ணணும், ரெண்டும் இருந்தா தான் அது வழிமுறை.

அடுத்தது டெலீட் பண்ணா நிஜமாவே என்ன ஆகுதுங்கறது. இது உங்களுக்குத் தெரியுமா? டெவலப்பரைக் கேட்டா 'சாஃப்ட் டெலீட் தான் ப்ரோ'ன்னு, அதாவது நிஜமா அழிக்கல, மறைச்சு தான் வைக்கறோம்னு, சொல்லிட்டு போயிடுவாரு. விடாதீங்க. எத்தனை நாள் திரும்ப எடுக்கலாம், யார் எடுக்கலாம், ஷோரூம் ஓனரே எடுக்க முடியுமா இல்ல நம்ம சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடணுமா, நாள் முடிஞ்சா தானா அழியுமா. சேல்ஸ்ஃபோர்ஸ்ல டெலீட் பண்ண ரெக்கார்டு ரீசைக்கிள் பின்ல 15 நாள் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதி வச்சிருக்காங்க. என்க்ரிப்ஷன் கீயை வச்சு பார்த்துக்கற அமேசானோட கேஎம்எஸ் சர்வீஸ்ல ஒரு கீயை அழிக்கணும்னா உடனே அழிக்கவே முடியாது, 7 நாள்ல இருந்து 30 நாள் வரைக்கும் காத்திருப்பு, நீங்க ஒண்ணும் சொல்லலன்னா 30, நடுவுல மனசு மாறினா கேன்சல் பண்ணிக்கலாம். உங்க டூலுக்கும் இந்த மாதிரி ஒரு நம்பர் இருக்கணும், இருந்தா அதை டிஸ்கிரிப்ஷன்ல போடணும். இல்லன்னா ஏஜென்ட் தானா ஒண்ணைச் சொல்லும். 2025 ஜூலைல, ஏஐ வச்சு சாஃப்ட்வேர் எழுதற ரெப்ளிட் தளத்துல நடந்தது ஞாபகம் இருக்கா, எதையும் மாத்தாதேன்னு சொல்லி வச்சிருந்தும் ஏஜென்ட் ஒருத்தரோட புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழிச்சிடுச்சு, அதுக்கப்புறம் ரோல்பேக் பண்ண (பழைய நிலைக்குத் திருப்ப) முடியாதுன்னு வேற சொல்லிச்சு, அவர் பண்ணிப் பார்த்தா வேலை செஞ்சது. அழிச்சதைப் பத்தி ஊரே பேசினாங்க, எனக்கு அந்த ரெண்டாவது பாதி தான் மண்டையில நின்னுச்சு. திரும்ப எடுக்க முடியுமா முடியாதான்னு தெரியாத ஏஜென்ட் தெரியலன்னு சொல்றதில்ல, எதையாவது உறுதியா சொல்லிடுது.

கூடவே எது போகும், எது போகாதுன்னும் கேளுங்க. கஸ்டமர் போனா அவர் பேர்ல இருக்கற வண்டி போகுமா, ஜாப் கார்டு (சர்வீஸ் வேலைச் சீட்டு) போகுமா, ஆர்சி ஃபோட்டோ போகுமா. டேட்டாபேஸ்ல கேஸ்கேட் போட்டிருந்தா சத்தமில்லாம சங்கிலியா எல்லாம் போகும், ரெஸ்ட்ரிக்ட் போட்டிருந்தா போகவே விடாது, செட் நல் போட்டிருந்தா வண்டி இருக்கும் ஆனா ஓனர் இல்லாம அனாதையா நிக்கும். மூணும் மூணு கதை, டேபிளுக்கு டேபிள் வேற வேறயா இருக்கும், நிறைய கம்பெனியில டெவலப்பருக்கே முழுசா தெரியாது, டேட்டாபேஸ் ஸ்கீமாவைத் (அமைப்பு வரைவை) திறந்து பார்த்துட்டு 'அட ஆமால்ல'ன்னு சொல்லுவாங்க. நான் பார்த்த ஒரு இடத்துல கஸ்டமரை அழிச்சா ரெக்கார்டெல்லாம் ஒழுங்கா போச்சு, ஆனா எஸ்எம்எஸ் அனுப்பற வெண்டர் கிட்ட போன லிஸ்ட் அப்படியே இருந்துச்சு, டெலீட் ஆன ஆளுக்கு தீபாவளி வாழ்த்து போய்க்கிட்டே இருந்துச்சு. அதனால எது போகாதுங்கறதுக்கும் ஒரு வரி ஒதுக்குங்க, ஏஜென்ட் யூசர் கிட்ட 'உங்க டேட்டா முழுசா அழிஞ்சிடுச்சு'ன்னு அடிச்சு விடாம இருக்கும்.

பில் விஷயம் தனி. ஷோரூம்னா ஜிஎஸ்டி இன்வாய்ஸ் இருக்கும். சிஜிஎஸ்டி சட்டத்துல 36வது பிரிவு, கணக்கு வழக்கை அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும்னு சொல்லுது. ஷோரூம் கம்பெனியா பதிவாகியிருந்தா 2013 கம்பெனிகள் சட்டத்துல 128வது பிரிவு, 8 நிதியாண்டு கணக்கு புத்தகம் இருக்கணும். இன்வாய்ஸ் ஒட்டின கஸ்டமரை ஏஜென்ட் அழிக்க முடியவே கூடாது, இதை டிஸ்கிரிப்ஷன்ல கெஞ்சி எழுதறதை விட சர்வர்ல தடுக்கச் சொல்லுங்க, தடுத்துட்டு 'இன்வாய்ஸ் இருந்தா இந்த டூல் மறுக்கும்'னு ஒரே வரி எழுதுங்க. இன்னொரு பக்கம், கஸ்டமரே வந்து 'என் டேட்டாவை அழி'ன்னு கேக்கலாம், 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல 12வது பிரிவு அந்த உரிமையைக் கொடுக்குது, வேற சட்டப்படி வச்சிருக்க வேண்டியதை வச்சுக்கலாம்னு விலக்கும் இருக்கு. இந்த ரெண்டையும் எடை போடறது ஏஜென்ட் வேலை இல்ல, ஒரு மனுஷன் உட்கார்ந்து பண்ண வேண்டியது. 'கஸ்டமர் தன் தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் இந்த டூல் வேண்டாம், கோரிக்கையைப் பதிவு செய்யும் டூலைக் கூப்பிடு'ன்னு எழுதிட்டு நகருங்க. அப்படி ஒரு டூல் உங்க கிட்ட இல்லன்னா, இல்லைங்கறதே இப்போ தான் வெளிய வருது, போய்ச் சொல்லுங்க.

இப்போ சீனியர் சொன்ன கேப்பிடல் லெட்டர் விஷயத்துக்கு வர்றேன். அவர் பயம் நியாயமானது தான், மருந்து தான் தப்பு. பெரிய எழுத்துல நாலு தடவ பயமுறுத்தினா ஒண்ணு, ஏஜென்ட் நியாயமான டெலீட்டுக்கும் தயங்கும், டெஸ்ட் என்ட்ரி ஒண்ணை அழிக்க மூணு தடவ 'நிச்சயமா? நிச்சயமா?'ன்னு கேக்கும், கவுண்டர்ல இருக்கற பொண்ணு எரிச்சல்ல படிக்காமலே ஓகே ஓகேன்னு தட்டப் பழகிடும், நிஜமாவே படிக்க வேண்டிய அன்னைக்கும் தட்டிடும். இன்னொண்ணு, டிஸ்கிரிப்ஷன்ல எழுதினது பூட்டு கிடையாது. மாடல் பெரும்பாலான நேரம் கேக்கும், பேச்சு நீண்டு போச்சுன்னா, நடுவுல வேற நிறைய டெக்ஸ்ட் வந்துடுச்சுன்னா, கேக்காமலும் போகும். இதே காரணத்துக்காகத் தான் 'கன்ஃபர்ம் = ட்ரூ'ன்னு ஒரு பாராமீட்டர் வைக்கறதும் எனக்குப் பிடிக்கல. அதை நிரப்பறதே ஏஜென்ட் தானே, யூசர் ஓகே சொன்னாரான்னு அந்த ட்ரூவுக்கு எப்படித் தெரியும்?

பதிலா ரெண்டு படியா பிரிக்கச் சொல்லுங்க. முதல் டூல் வெறும் ப்ரிவ்யூ, ஐடி கொடுத்தா 'இந்தப் பேரு, இத்தனை வண்டி, இத்தனை ஜாப் கார்டு போகும்'னு காட்டி கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுபடி ஆகற ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு கோடு, கொடுக்கும். ரெண்டாவது டூல் அந்த டோக்கன் இல்லாம வேலையே செய்யாது, அதுக்கு முன்னாடி ஆப் ஸ்க்ரீன்ல மனுஷன் அமுக்கற ஒரு பட்டன், ஏஜென்ட் அமுக்க முடியாத பட்டன். எம்சிபில 2025 மார்ச் வெர்ஷன்ல இருந்து டூல் அனோடேஷன்ஸ்னு இருக்கு, டூலோட குணத்தைச் சொல்ற குறிப்புகள், ரீட் ஒன்லி ஹிண்ட் (படிக்க மட்டும்), டிஸ்ட்ரக்டிவ் ஹிண்ட் (அழிக்கக் கூடியது), ஐடெம்பொடென்ட் ஹிண்ட் (மறுபடி கூப்பிட்டாலும் விளைவு மாறாது) இதெல்லாம். டிஸ்ட்ரக்டிவ் ஹிண்ட் போடலன்னா ட்ரூன்னு தான் எடுத்துக்கும், ஆனாலும் வெளிப்படையா போட்டு வைங்க, ப்ரிவ்யூ டூலுக்கு ரீட் ஒன்லின்னு போடுங்க, அப்போ தான் ஆப் எதுக்கு அனுமதி கேக்கணும் எதுக்கு வேண்டாம்னு பிரிக்கும். பேர்லயே ஹிண்ட்னு இருக்கறதைக் கவனிங்க, அது குறிப்பு தான், நம்பாத சர்வர் சொன்னா எடுத்துக்காதேன்னு எம்சிபி விதிமுறையே சொல்லுது.

பாராமீட்டருக்கும் டிஸ்கிரிப்ஷன் உண்டு, நிறைய பேர் 'ஐடி: ரெக்கார்டோட ஐடி'ன்னு எழுதிட்டு போயிடறாங்க, படிக்கறவங்களைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கும். எந்த ஐடி? கஸ்டமர் ஐடியா, இன்வாய்ஸ் நம்பரா, ஷோரூம் ஆளு ஸ்க்ரீன்ல பார்க்கற 'சி-1042' மாதிரி கோடா, இல்ல உள்ள இருக்கற நீட்டு ஐடியா. எங்கிருந்து எடுக்கணும்? 'இதே உரையாடலில் தேடல் டூல் திருப்பிக் கொடுத்த ஐடி மட்டும், யூகிக்கக் கூடாது, மொபைல் நம்பர் போடக் கூடாது'ன்னு எழுதுங்க. ஐடியோட கஸ்டமர் பேரையும் சேர்த்துக் கேக்கற மாதிரி வச்சு, சர்வர்ல ரெண்டும் ஒத்துப்போகலன்னா மறுக்கச் சொன்னீங்கன்னா இன்னும் நல்லது, ஒரு டிஜிட் மாறினா அங்கயே மாட்டும். ஒரு தடவைக்கு ஒரு ரெக்கார்டு தான். ஃபில்டர் கொடுத்து மொத்தமா அழிக்கற வசதி ஏஜென்ட்டுக்கு வேண்டவே வேண்டாம், ஃபில்டர் காலியா போச்சுன்னா என்ன அர்த்தம்னு நினைச்சுப் பாருங்க, டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்ல 'WHERE' (எந்த ரெக்கார்டுன்னு சொல்ற நிபந்தனை) போட மறந்த டெலீட் என்ன பண்ணும்னு டேட்டாபேஸ் ஆளுங்களைக் கேட்டா கண்ணுல தண்ணியோட சொல்லுவாங்க.

எரர் மெசேஜ். இது ஏன் உங்க வேலைன்னா, ஏஜென்ட்டுக்கு எரர் வந்தா அது தான் அடுத்து படிக்கற டாக்குமெண்ட். மனுஷனுக்கு 'எரர் 403'னு வந்தா டீ குடிக்கப் போவான், ஏஜென்ட் வேற வழி தேடும். அனுமதி இல்லைன்னு மொட்டையா சொன்னா, அப்டேட் டூலை எடுத்து பேரு, நம்பர், அட்ரஸ் எல்லாத்தையும் காலியாக்கி 'டெலீட் பண்ணிட்டேன்'னு வந்து நிக்கலாம், அதுக்கு அதுவும் ஒரு தீர்வு தான். அதனால 'இந்த யூசருக்கு டெலீட் அனுமதி இல்லை. வேறு டூல் மூலம் முயற்சிக்க வேண்டாம். ஷோரூம் மேனேஜரைக் கேட்கச் சொல்லி யூசரிடம் தெரிவிக்கவும்'னு முழுசா எழுதுங்க. இன்னொண்ணு, டெவலப்பருங்க தங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு 'இன்வாய்ஸ் இருக்கு, ஃபோர்ஸ் = ட்ரூ போட்டு மறுபடி முயற்சிக்கவும்'னு எழுதி வச்சிருப்பாங்க பாருங்க, ஃபோர்ஸ்னா தடையை மீறி செய்னு அர்த்தம், அதைக் கண்ணுல பட்ட உடனே தூக்குங்க. அந்த வரியைப் படிச்ச ஏஜென்ட் அடுத்த நொடி ஃபோர்ஸ் போட்டு கூப்பிடும், நாம தானே சொல்லிக் கொடுத்தோம்.

நெட்வொர்க் போய் பதில் வரலன்னா என்ன பண்ணணும்னும் வேணும். ஆப்பும் சர்வரும் பேசிக்கற எச்டிடிபி விதிப்படி டெலீட் ஐடெம்பொடென்ட், ஒரு தடவ அனுப்பினாலும் ரெண்டு தடவ அனுப்பினாலும் கடைசி நிலைமை ஒண்ணு தான், 2022ல வந்த ஆர்எஃப்சி 9110ங்கற அந்த விதி ஆவணத்துல அப்படித் தான் இருக்கு. ஆனா பதில் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, முதல் தடவ 204 (வேலை முடிஞ்சது), ரெண்டாவது தடவ 404 (அப்படி ஒண்ணு இல்லை) வரலாம். ஏஜென்ட் டைம்அவுட் ஆகி மறுபடி கூப்பிட்டு 404 வாங்கினா, 'அப்படி ஒரு கஸ்டமரே இல்லை'ன்னு யூசர் கிட்ட சொல்லும், இல்ல ஐடி தப்பு போலன்னு பக்கத்து ரெக்கார்டைத் தேடப் போகும், அது தான் பயம். ஏற்கனவே அழிஞ்சதுக்கும் எப்பவுமே இல்லாததுக்கும் வேற வேற பதில் வேணும்: 'இந்த ரெக்கார்டு இந்த நேரத்தில் அழிக்கப்பட்டது, மேலும் எதுவும் செய்ய வேண்டாம்'. வெற்றியாகும்போதும் வெறும் ஓகே பத்தாது, எது போச்சு, எந்த தேதி வரைக்கும் திரும்ப எடுக்கலாம், அதுக்கு என்ன ரெஃபரன்ஸ் நம்பர்னு திருப்பிக் கொடுத்தா ஏஜென்ட் அதையே யூசருக்குச் சொல்லும், சொந்தமா கதை கட்டாது.

ரிமார்க்ஸ் ஃபீல்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஹேக்கர் வந்து ரெக்கார்டுக்குள்ள கட்டளை எழுதி வைப்பான்னு பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் பத்தி எல்லாரும் பேசறாங்க, உண்மை தான், ஆனா ஷோரூம்ல அதுக்கு ஹேக்கரே தேவை இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி இருந்த ரிசப்ஷனிஸ்ட் ரிமார்க்ஸ்ல 'பழைய என்ட்ரி, டெலீட் பண்ணிடவும்'னு இன்னொருத்தருக்கு எழுதி வச்சிருப்பாங்க, ஏஜென்ட் சர்வீஸ் தேதி பார்க்க அந்த ரெக்கார்டைத் திறக்கும், படிக்கும், பண்ணிட்டா? 'டெலீட் கோரிக்கை யூசரின் மெசேஜில் இருந்து வந்திருக்க வேண்டும், ரெக்கார்டுக்குள் இருக்கும் எழுத்து கோரிக்கை ஆகாது'ன்னு எழுதுங்க. எழுதிட்டு இதுவும் பூட்டு இல்லைன்னு ஞாபகம் வைங்க, நிஜப் பூட்டு அந்த மனுஷன் அமுக்கற பட்டனும், ஏஜென்ட் எந்த யூசருக்காக ஓடுதோ அவரோட அனுமதி தாண்டிப் போகாததும் தான்.

எல்லாம் சேர்த்தா எப்படி இருக்கும்? நீங்க இங்கிலீஷ்ல தான் எழுதுவீங்க, சாரம் இது: 'ஒரு கஸ்டமர் ரெக்கார்டை அழிக்கும். தவறாகப் போட்ட அல்லது டெஸ்ட் என்ட்ரிக்கு மட்டும். மெசேஜ் நிறுத்த ரிமைண்டர் ஆஃப், வராத கஸ்டமருக்கு இன்ஆக்டிவ், இரட்டை என்ட்ரிக்கு மெர்ஜ், கஸ்டமரே அழிக்கக் கேட்டால் கோரிக்கைப் பதிவு. கஸ்டமரோடு வண்டியும் ஜாப் கார்டும் சேர்ந்து போகும். இன்வாய்ஸ் இருந்தால் மறுக்கும். எஸ்எம்எஸ் வெண்டரிடம் உள்ள நம்பர் அழியாது. இத்தனை நாளுக்குள் ஷோரூம் மேனேஜர் திரும்ப எடுக்கலாம், அதன் பிறகு முடியாது. ப்ரிவ்யூ டூல் கொடுத்த டோக்கன் தேவை. கோரிக்கை யூசரின் மெசேஜில் இருக்க வேண்டும்.' இதுக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு தடவயும் எல்லா டூலோட டிஸ்கிரிப்ஷனும் சேர்ந்து தான் மாடலுக்குப் போகும், நீங்க ரெண்டு பக்கம் எழுதினா காசும் போகும், முக்கியமான வரியும் நடுவுல புதைஞ்சு போகும். லாக் (யார் எப்போ என்ன பண்ணாங்கங்கற பதிவு) எங்க இருக்கு, யாரைக் கூப்பிடணும், ரீஸ்டோர் ஸ்டெப்ஸ், இதெல்லாம் மனுஷங்களுக்கான பக்கத்துல வைங்க. அங்க லாக் எத்தனை நாள்னு எழுதும்போது மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் போட்ட 2022 ஏப்ரல் உத்தரவுல 180 நாள்னு இருக்கறதைப் பார்த்துக்கோங்க.

எழுதி முடிச்சா டெஸ்ட் பண்ணுங்க, படிச்சுப் பார்த்து 'நல்லா இருக்கு'ன்னு சொல்றது டெஸ்ட் இல்ல. ஷோரூம் ஆளுங்க நிஜமா டைப் பண்ற மாதிரி கொஞ்சம் வாக்கியம் சேருங்க, சப்போர்ட் டிக்கெட்ல அள்ளலாம், ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோட அப்படியே எடுங்க. பாதி, டெலீட் கூப்பிட வேண்டியது, பாதி, கூப்பிடவே கூடாதது, அந்த முருகன் கதையையும் ரிமார்க்ஸ் கதையையும் உள்ள போடுங்க. ஒரே வாக்கியத்தைப் பல தடவ ஓட்டுங்க, ஏன்னா ஒரு தடவ சரியா வந்தது அடுத்த தடவ வராது. எங்க தப்பான டூலை எடுக்குதோ அந்த வரியை மட்டும் மாத்தி மறுபடி ஓட்டுங்க. மாடல் வெர்ஷன் மாறினாலும் ஓட்டணும்.

இதுல பாதி டெவலப்பர் வேலையாச்சேன்னு உங்க மேனேஜர் கேப்பாரு. ஆமா. ஆனா அந்த ஓட்டை எங்க இருக்குன்னு முதல்ல தெரியறது எழுத உட்காரற ஆளுக்குத் தான். 'திரும்ப எடுக்கலாம், ஆனா...'ன்னு எழுதும்போது அந்த ஆனாவுக்கு அப்புறம் மூணு வரி நீளுதுன்னா அங்க டிஸ்கிரிப்ஷன் போடாதீங்க, டிக்கெட் போடுங்க. அந்த மாதிரி வரியெல்லாம் ஒரு லிஸ்ட்டா எடுத்துக்கிட்டு டெவலப்பரோட ஒரு மணி நேரம் உட்காருங்க, சண்டையா ஆரம்பிக்காதீங்க, 'இதை எப்படி எழுதறதுன்னு தெரியல, சொல்லுங்களேன்'னு ஆரம்பிச்சா அவரே ஸ்கீமாவைத் திறப்பாரு.

அதுக்கு முன்னாடி இன்னைக்கே டெஸ்ட் என்விரான்மென்ட்டுக்கு உங்க பேர்ல ஆக்சஸ் கேளுங்க, தர மாட்டாங்க, ரைட்டருக்கு எதுக்குன்னு கேப்பாங்க, விடாம கேளுங்க, டூலை நீங்களே கூப்பிட்டு அழிச்சு பார்க்காம இதை எழுத முடியாது. கிடைச்ச உடனே அங்க இருக்கற டேட்டா எங்கிருந்து காப்பி பண்ணதுன்னு பாருங்க, நிஜ கஸ்டமர் நம்பர் இருந்தா மாஸ்க் பண்ண (மறைச்சு வைக்க) சொல்லிட்டு அப்புறம் ஆரம்பிங்க, அந்த எஸ்எம்எஸ் வெண்டர் கனெக்‌ஷன் டெஸ்ட்லயும் ஆன்ல இருக்கான்னும் ஒரு தடவ கேட்டுடுங்க.